கேட்டற்குரியன: வலைவழிச் சைவச் சொற்பொழிவுகள்

சிவஞானசித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்திலே ஞானபூசை ஐந்தென வகுக்கப்பட்டுள்ளது. ஞானநூலைத் தான் ஓதல், பிறர்க்கு ஓதுவித்தல், அதன் பொருளைத் தான் கேட்டல், பிறரைக் கேட்பித்தல், கேட்டதனைச் சிந்தித்தல் என்பன அவை. இவற்றுள் கேட்பித்தல் என்னும் ஒன்று ஆசிரியர்க்கும் பிரசங்கியார்க்குமே உரியதென்று நம்மனோர் விட்டுவிட்டனர். அஃது அங்ஙனமன்று. நல்ல பொருள் இன்னவிடத்தே சொல்லப்படுகின்றது, சென்று கேண்மின் என்று அன்பர்க்கு வழிகாட்டுதலும் கேட்பித்தலின் ஒரு கூறேயாம் என்பது எமது துணிபு. அத்துணிபு பற்றியே, இணையத்தில் ஏற்றப்பெற்றுப் பலர் கண்ணிலும் படாது கிடக்கும் சில சொற்பொழிவுகளை ஈண்டு எடுத்துக்காட்டப் புகுந்தாம். புகழ் பெற்றனவற்றைக் குறித்து யாம் எழுதவேண்டுவதில்லை. திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் 1993-ஆம் ஆண்டில் திருவடி நிழலெய்தினார். அவர் குரலை இன்றும் சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் கேட்கின்றனர். அவ்விளக்குக்குத் தூண்டுகோல் வேண்டா.

எமது ஊர் பொருநைக்கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம். இவ்வூர்க்குக் கிழக்கே கொற்கையும், அதற்கப்பால் தூத்துக்குடியும், முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடற்கரையும் உள. அக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அது நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளைக் குவியல் குவியலாக்கி, வாய்திறவாமலே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலங் கூறுவர். எடுத்தவன் திறந்து பார்த்த பின்னரே முத்துண்டோ வெறுஞ் சிப்பியோ என்பது விளங்கும். யூடியூப் என்னும் தளத்திற் சைவச் சொற்பொழிவு தேடுவார் நிலையும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. ஏலத்தில் தோற்றவன் பொருளை இழந்தான். ஈண்டுத் தோற்பவன் தன் வாழ்நாளில் ஒரு மணி நேரத்தை இழக்கின்றான். அஃது ஒருகால் மீட்கப்படினும், பிழைபடக் கேட்டதனை நெஞ்சினின்று அகற்றுதல் அரிது.

எமது ஊரின் பெயரையே அத்தளத்தில் இட்டுத் தேடிப் பார்த்தாம். வந்தனவற்றுட் பெரும்பாலன சனிதோட நிவர்த்தி பற்றியனவே! பொருநைக் கரையிலுள்ள ஒன்பது கைலாசங்களை ஒன்பது கோள்களோடு இயைத்து நவகைலாயம் என்று வழங்குவர். அவ்வழக்கில் எமது கைலாசநாதர் திருக்கோயில் சனிக்குரிய தலமாக எண்ணப்படும். இது மக்களிடைப் பரவிய வழக்கு. யாம் அதனைப் பழிக்கவில்லை. கோயிலுக்கு ஒருவனை அச்சங் கொண்டுவந்தாலும், அன்பு கொண்டுவந்தாலும், வந்தவன் கண்ணிற்படுவது சிவலிங்கமே. ஆயினும் அப்பேச்சுக்களில் ஏழரையாண்டுக் கணக்கும், எள்விளக்கின் எண்ணிக்கையும், எந்தக் கிழமை எத்தனை சுற்று என்பதும் விரிவாகச் சொல்லப்பட, கைலாசநாதர் என்னும் திருப்பெயர் ஈரிடத்தில் மட்டும் வந்து மறைகின்றது. வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவிப்பவன் இறைவனே என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலைக் கொள்கை. கோள்கள் அவன் ஆணைவழி நிற்குங் கருவிகளே. கருவியை முதலாக்கி முதல்வனைத் துணையாக்கும் பேச்சு எத்துணை இனிய குரலிற் சொல்லப்படினும் சைவப் பேச்சாகாது. எமது ஊர்ச் சிறுவன் ஒருவன், "ஐயா, நம்ம கோயில் சனீசுவரன் கோயில்தானே?" என்று எம்மை வினவினான். அவன்மீது குற்றமில்லை, அவன் கேட்டவை அத்தன்மையன.

இவ்வூரிற் பிறந்த குமரகுருபர சுவாமிகளைப் பற்றிய பேச்சுக்களும் இல்லாமற் போகவில்லை. அவையும் பல. அவற்றுட் பெரும்பாலன ஒரே வழியிற் செல்வன. சண்முகசிகாமணிக் கவிராயர்க்கும் சிவகாமசுந்தரியம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார்; ஐந்தாண்டு வரையிற் பேசாதிருந்தார்; பெற்றோர் திருச்செந்தூரிற் கொண்டுபோய் வைத்தனர்; முருகப் பெருமான் திருவருளால் வாய் திறந்தது; கந்தர் கலிவெண்பா பாடினார். பின்னர் மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றுகையில், அம்மை ஒரு சிறுமியாய் வந்து திருமலை நாயக்கர் மடியிலமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு இட்டு மறைந்தனள். முத்துக்கரையிற் பிறந்தவர்க்கு முத்துமாலை கிடைத்தது என்று பிரசங்கியார் ஒருவர் சொல்லக் கேட்டு யாமும் மகிழ்ந்தாம். இவையெல்லாம் வழிவழி வந்த வரலாறுகள், சொல்லத்தக்கனவே. ஆனால், கந்தர் கலிவெண்பாவின் உள்ளே யாது உளது என்பதனை இப்பேச்சுக்களுட் பத்திலொன்றுகூடத் திறந்து காட்டுவதில்லை. அந்நூலின் முற்பகுதி முழுதும் சித்தாந்தச் சுருக்கம். பதியின் சொரூப நிலையும், ஐந்தொழிலும், மலத்தாற் கட்டுண்ட உயிர் வினைவழிப் பிறந்திறந்து உழலுமாறும், அதனை அருள் வந்து ஆட்கொள்ளுமாறும் அதனுட் கூறப்பட்டுள்ளன. ஆறு அத்துவாக்களும் முருகப் பெருமானுக்குத் திருமேனியாக அமைந்தமை அங்கே சொல்லப்படுகின்றது. அத்துவா என்னும் சொல்லைக் கேட்டவுடன் வகுப்பறையைவிட்டு எழுந்து போகும் மாணவரை யாம் கண்டிருக்கின்றோம். அப்பொருளை ஐந்து வயதுப் பிள்ளையின் வாக்காக நாடு போற்றுகின்றது. போற்றுவோர் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. வாய் திறந்த கதையைச் சொல்லி, அவ்வாயினின்று வந்ததனைச் சொல்லாது முடிப்பது விருந்துக்கு அழைத்து இலையை மட்டும் விரித்துக் காட்டியனுப்புதல் போலும்.

ஆகவே யாம் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். ஒரு சொற்பொழிவு முடிந்தபின் கேட்டவன் கை நூலை நாடுகின்றதா என்பதே அது. நாடுமாயின் அது நற்சொற்பொழிவு. இன்னொரு பேச்சையே நாடுமாயின், அஃது எத்துணைச் சுவையுடையதாயினும் வெறும் பொழுதுபோக்கே. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானம் நான்கு படியாக வைத்துரைக்கப்படும். இவற்றுட் கைப்பேசி தருவது முதற்படி ஒன்றே. அதனையும் முடிவின்றித் தந்துகொண்டே யிருக்கின்றது. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே தொடங்குகின்றது. அதனால் முதற்படியிலேயே வாழ்நாள் முழுதும் நடந்துகொண்டிருத்தல் இன்று எளிதாகிவிட்டது. முற்காலத்தார்க்கு இவ்விடர் இல்லை. ஆறுமுக நாவலர் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது முதல் வெள்ளிதோறும் நிகழ்ந்தது. ஒரு வெள்ளிக்கும் மறு வெள்ளிக்கும் இடையே கேட்டவர்க்கு ஆறு நாள் இருந்தன. அவ்வாறு நாளே சிந்தித்தற்கு இடமாயிற்று.

நாவலர் குரலும், சைவசித்தாந்த சண்டமாருதம் எனப் போற்றப்பெற்ற சோமசுந்தர நாயகர் குரலும் நமக்கு இல்லை. நாயகர் 1901-இல் மறைந்தார். அவர் பேச்சைக் கேட்டு நெஞ்சு பறிகொடுத்தோர் எழுதிவைத்த குறிப்புக்களே எஞ்சியுள்ளன. தூத்துக்குடிச் சைவ சித்தாந்த சபை 1883-இலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சைவ சித்தாந்த சமாசம் 1905-இலும் தோன்றின. அம்மேடைகளிற் பேசினோர் எத்துணையர்! நம் தூத்துக்குடியில் வாழ்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்துக்கு உரை வகுத்து 1935-இல் வெளியிட்டார். அந்நூல் கையிலிருக்கின்றது. அவர் அதனை வாயாற் சொல்லி விளக்கியிருப்பின் எங்ஙனம் இருந்திருக்கும் என்று எண்ணுந்தோறும் ஏக்கம் மிகும். பிற்காலத்தார் அங்ஙனம் ஏங்கவேண்டுவதில்லை, குரல்கள் இருக்கின்றன. கேட்பாரே இலர்.

இனி, கேட்டற்குரியனவற்றைச் சொல்லுவாம்.

தஞ்சையில் வாழ்ந்த சேக்கிழார் அடிப்பொடி தி. ந. இராமச்சந்திரனார் வழக்கறிஞர்; பெரியபுராணம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இரு பகுதியாக 1990-இலும் 1995-இலும் வெளியிட்டது. அவர் 2021-இல் மறைந்தார். அவருடைய பேச்சுக்கள் சில இணையத்தில் உள. மேடைப் பிரசங்கியார்க்குரிய ஏற்ற இறக்கமும் நகைச்சுவையும் அவற்றிலே தேடுவார் ஏமாறுவர். ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்றாக வேண்டும். இதற்குப் பொருள் யாது, இதனை விட்டு வேறு சொல்லிட்டால் யாது கெடும் என்று வினவியாக வேண்டும். பல்லாண்டு அங்ஙனம் நின்றவர் பேச்சிலே அந்நிற்றல் தோன்றும். நாம் பாராயணத்தில் விரைந்து கடந்து போகும் ஒரு சொல்லில் அவர் நம் கையைப் பிடித்து நிறுத்துகின்றார். மூலத்தை ஒருமுறையேனும் படித்திராதார்க்கு அவர் போக்கு இடர்தரலாம். அத்தகையோர் முதலில் ஒரு நாயனார் புராணத்தைப் படித்துவிட்டு, அதன்பின் அவரைக் கேட்பாராக.

பேராசிரியர் அ. ச. ஞானசம்பந்தனாரைக் கம்பன் மேடையிற் கேட்டோர் பலர். பெரியபுராணமும் திருவாசகமும் பற்றி அவர் ஆற்றிய உரைகளைத் தேடிக் கேட்போர் சிலரே. திருவிளையாடற் புராணத்துக்கு உரை கண்ட அ. மு. சரவண முதலியாரின் மைந்தராதலின், சைவநூற் பயிற்சி அவர்க்கு இல்லத்திலேயே வாய்த்தது. அவர் பெரியபுராணத்தைத் தொண்டின் காப்பியமாகக் காண்கின்றார். சோழப் பேரரசு செழித்திருந்த காலத்தில், அதன் அமைச்சராயிருந்தவரே, அரசரையும் போரையும் விட்டுக் குயவரையும் வண்ணாரையும் வேடரையும் பாட எடுத்துக்கொண்டது ஏன் என்னும் வினாவை அவர் எழுப்பும்போது, பலகாற் படித்த நூல் புதிதாய்த் தோன்றும். சித்தாந்த மாணவர்க்கு ஒரு குறை தோன்றுதல் கூடும்: இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் நெறிப்பட்ட சொற்களால் அவர் அடியார் வரலாற்றை அளப்பதில்லை; இலக்கிய நெறியானும் மனநூல் நெறியானுமே அணுகுகின்றார். இதனை யாம் குறையென்று கொள்ளவில்லை. சாத்திரம் கற்றோன் அவர் விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளலாம்; அதுவே சிந்தித்தலுக்கு நல்ல பயிற்சி.

ஈழத்துச் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரைத் தமிழகத்துச் சைவர் அறிந்திராமை நமக்கு நாணந் தருவது. 1925-இல் தோன்றி 2008-இல் மறைந்த அவ்வம்மையார், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலைத் தம் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டு, ஆதரவற்ற பெண்மக்கட்கு இல்லம் அமைத்து வளர்த்தவர். பெண்டிர் சைவமேடை ஏறுதல் அருகியிருந்த காலத்தே ஏறியவர். போரும் இடப்பெயர்வும் நாட்டை அலைத்த ஆண்டுகளிலும் அவர் கோயிற்பணி நின்றதில்லை. ஈழத்தன்பர்கள் வலையிலேற்றியுள்ள அவர் உரைகளைக் கேட்கையில் இதனை மறவாதிருத்தல் வேண்டும். துன்பத்தை இறைவன் தரும் மருந்தென்று பஞ்சணையில் அமர்ந்து சொல்வோர் உளர். பெற்றோரை இழந்த சிறுமியர் முன்னிலையில் அதனைச் சொல்லவேண்டியவர்க்கு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அவர் பேச்சில் வீண்சொல் அரிது. யாழ்ப்பாணத்து ஒலிப்பு நம் காதுக்குப் பழக ஒரு சிறுபொழுது செல்லும்; பழகியபின் இனிக்கும்.

சொற்பொழிவு அன்றெனினும் ஒன்றை ஈண்டுச் சேர்க்காது விட மனம் வரவில்லை. தருமபுர ஆதீனத்தார் பன்னிரு திருமுறைகட்கென அமைத்துள்ள வலைத்தளத்திலே, 18,000-க்கு மேற்பட்ட பாடல்களும் உரையும் இடம்பெற்றுள்ளன, தருமபுரம் ப. சுவாமிநாத ஓதுவார் பண்ணோடு ஓதியனவும் அங்கே கேட்கக் கிடைக்கின்றன. ஒரு பதிகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கேட்பதன்முன், அப்பதிகத்தைப் பண்ணோடு பத்து நிமிடம் கேட்டுவிடுதல் நன்று. பின்னர்ப் பேச்சாளர் எவ்விடத்திற் சறுக்கினார் என்பது நமக்கே புலனாகும்.

இனி எமக்கு எல்லாவற்றினும் இனியது ஒன்று. திருவாவடுதுறை ஆதீனத்தார் பல ஊர்களிலும் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையங்கள் அமைத்து ஈராண்டுப் பாடம் நடத்தி வருதலை அன்பர் அறிவர். இவை போன்ற வகுப்புக்களிலே மாணவர் ஒருவர் தம் கைப்பேசியைப் பலகைமேற் சாய்த்துவைத்துப் பதிந்து, எவ்வித ஒப்பனையுமின்றி இணையத்தில் இட்டுவிடுதலுண்டு. படம் தெளிவாயிராது, கரும்பலகை பாதி மறைந்திருக்கும், இடையே ஆட்டோ வண்டியின் ஒலி கேட்கும். கேட்டோர் எண்ணிக்கை 200-ஐக் கூட எட்டாது. ஆயினும் கோடிக் கண்கள் கண்ட காணொளிகளில் யாம் பெறாததனை இவற்றிலே பெற்றோம். என்னை? ஆசிரியர் ஈண்டு அவையை மகிழ்விக்கப் பேசவில்லை. எதிரே அமர்ந்த முப்பது பேருக்கு விளங்கவேண்டுமென்றே பேசுகின்றார். விளங்காதவர் கைதூக்கி வினவுகின்றனர். வினாவும் விடையுமாகச் செல்லும் பேச்சே சாத்திரத்துக்கு இயல்பான பேச்சு.

அத்தகைய ஒரு வகுப்பிலே, சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தின் முதன்மூன்று சொற்களுக்கு மட்டும் ஓராசிரியர் ஒரு மணி நேரம் செலவிட்டார். யாம் முதலிற் சலிப்புற்றோம். பின்னர், உலகம் ஒருவன் ஒருத்தி ஒன்று எனச் சுட்டிக் காட்டப்படும் பொருட்டொகுதி, சுட்டப்படுவது தோன்றி நின்று ஒடுங்கும், ஆகவே அது தோற்றுவிப்பான் ஒருவனை உடையது என்று அவர் ஒவ்வொரு கண்ணியாக இணைத்து வந்தபோது, யாம் முப்பதாண்டு மனப்பாடமாக ஓதிவந்தது ஒரு வாதம் என்பதையே அன்றுதான் உணர்ந்தோம். வேறொரு வகுப்பில், நம் கடற்கரைப் பேச்சுடைய ஆசிரியர் ஒருவர் ஏழாஞ் சூத்திரத்திற் கடலும் நீரும் உப்பும் உவமையாக வருமிடத்தை விளக்கினார். மலம் உயிரைப் பற்றுமேயன்றி இறைவனைப் பற்றாது. கடலில் உப்பு நீரைப் பற்றியதேயன்றி, அந்நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் வெளியைப் பற்றியதன்று. இதனைச் சொல்லிவிட்டு அவர், "உப்பளத்துக்குப் போயிருக்கிறீர்களா?" என்று வினவினார். பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட உப்பு அடியிற் படிகின்றது. நீர் நின்ற வெளியோ முன்னிருந்தபடியே யிருக்கின்றது, அதன்மேல் ஒரு பொரியுப்பும் ஒட்டுவதில்லை என்றார். தூத்துக்குடி உப்பளங்களைப் பிறந்தநாள் முதற் பார்த்து வந்த எமக்கு மெய்கண்டார் அன்று அண்டை வீட்டுக்காரர் ஆனார்.

இவ்வகுப்புப் பதிவுகளைக் கேட்கும் முறையும் ஒன்று சொல்லவேண்டும். எமது திண்ணையில் மாலைவழிபாட்டின்பின் நால்வர் ஐவர் கூடுகின்றோம். கைப்பேசி நடுவே, நூல் ஒவ்வொருவர் மடியிலும். கால்மணி கேட்டபின் நிறுத்திவிடுவோம். ஆசிரியர் எடுத்த அடியை நூலிற் கண்டு, அவர் சொன்னது உரையில் உளதா, அவர் கருத்தா என்று பார்ப்போம். இதனால் ஒருமணிப் பேச்சுக்கு ஒரு வாரம் ஆகின்றது. மூத்த அன்பர் ஒருவர், "இந்த நடையில் போனால் மாபாடியம் முடிய எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்" என்று நகைத்தார். ஆனால் அவரே முதலில் வந்தமர்பவர்.

மற்றொரு செய்தி சொல்லுதற்கு வருத்தந் தருவது. மாபாடியம் பற்றி நாற்பதுக்கு மேற்பட்ட வகுப்புக்கள் கொண்ட ஒரு வரிசையை யாம் பலர்க்கும் எடுத்துரைத்து வந்தோம். ஆசிரியர் மறைந்தார். சில திங்களில் அக்கணக்கே இணையத்தினின்று நீங்கிவிட்டது. யார் நீக்கினர், ஏன் நீக்கினர் என்பது அறியக் கூடவில்லை. எமது திண்ணைக் கூட்டத்து இளைஞர் ஒருவர் தம் பயணத்துக்கென்று இறக்கிவைத்திருந்த பன்னிரண்டு வகுப்புக்கள் மட்டுமே எஞ்சின. வலையிலேற்றியது நிலைபெற்றதென்று எண்ணியிருந்தோம். ஓலைச்சுவடியைச் செல்லரிக்க ஒரு நூற்றாண்டு ஆகும், இதற்கு ஒரு நாள் போதியதாயிற்று. ஒலிநாடாக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒரு சபையின் அலமாரியில் ஆண்டுவிழாச் சொற்பொழிவு நாடாக்கள் ஒரு பெட்டி நிறையக் கண்டோம். மேலே எழுதிய பெயர் அழிந்துபோயிற்று. உள்ளே நாடாவிற் பூசணம். ஓட்டிப் பார்க்கக் கருவியும் இல்லை. இவ்வகையில் ஈழத்தார் நமக்கு வழிகாட்டிகள். 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அவர்தம் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அச்சுநூலோடு நில்லாது ஒலியையும் ஒளிப்படத்தையும் ஆவணமாகத் திரட்டி வருகின்றது. நம் சபைகள்தோறும் ஓரன்பரேனும் அப்பணியை மேற்கொள்ளின், இன்னும் பத்தாண்டில் அழியக்கூடியன சில தப்பும். எஞ்சிய அப்பன்னிரண்டினை யாம் மூன்று படி எடுத்து மூவர் இல்லத்தில் வைத்துள்ளோம்.

அப்பன்னிரண்டனுள் ஒன்றைப் பற்றிச் சொல்லி நிறுத்துவாம். அது மாபாடிய வகுப்பாயினும் அன்று ஆசிரியர் குமரகுருபர சுவாமிகள் வரலாற்றை எடுத்துக்கொண்டார். வாய் திறந்த கதையையும் முத்துமாலைக் கதையையும் அவர் இரண்டு நிமிடத்திற் கடந்தார். தருமபுரத்திலே, நான்காம் குருமூர்த்தியாகிய மாசிலாமணி தேசிகர் திருமுன் சுவாமிகள் சென்று நின்ற இடத்தில் வந்து தங்கினார். எவரிடத்து உன் வாக்குத் தடைப்படுகின்றதோ அவரே உன் குரு என்று முன்னமே சுவாமிகட்கு அருளப்பட்டிருந்தது. தேசிகர் பெரியபுராணத்தினின்று ஒரு செய்யுளைச் சொல்லி, அதன் அனுபவப் பொருள் யாது என்று வினவினார். தடுத்தாட்கொண்ட புராணத்திலே, சுந்தரமூர்த்தி நாயனார் தில்லைக் கூத்தனைக் கண்டபோது ஐம்பொறி உணர்வும் கரணங்களும் ஒருவழிப்பட்டு நின்ற நிலையைச் சொல்லுஞ் செய்யுள் அது. சொற்பொருள் கேட்டிருப்பின் சுவாமிகள் ஒரு நாள் முழுதும் சொல்லியிருப்பார். அனுபவப் பொருள் கேட்டமையின் நாவெழவில்லை. ஐந்து வயதில் திறந்த வாய் அன்று மூடிற்று என்றார் ஆசிரியர். பின்னர் அச்செய்யுளை ஒருமுறை மெல்ல ஓதினார். மாணவர் ஒருவர், "ஐயா, அதற்கு அனுபவப் பொருள் என்னங்க?" என்று கேட்பது பதிவிலே தெளிவாய் விழுந்துள்ளது. ஆசிரியர் விடை சொல்லவில்லை. நாற்பது நொடிக்கு மேல் மின்விசிறி சுழலும் ஒலி மட்டும் கேட்கின்றது. அதன்பின் அவர் நூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றார்.